நிதுசாவின் பெயரில் ஒரு வீடு

திருகோணமலைத் தெருவில் வெள்ளைச் சீருடையோடு ஒரு பெண்பிள்ளை போனால், பின்னால் நின்றே அது எந்தப் பள்ளிக்கூடம் என்று மதிவதனா சொல்லிவிடுவாள். துணி எல்லாருக்கும் ஒன்றுதான். வருடா வருடம் அரசாங்கம் கொடுக்கிற வெள்ளைத் துணி. வேறுபாடு மடிப்பில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துப் பாவாடைக்கு மடிப்புகள் சின்னதும் நெருக்கமுமாக ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இன்னொன்றுக்கு அகலமாக, எதிரும் புதிருமாக நிற்கும். இடுப்பில் பட்டி வைத்தது, வைக்காதது, கொலர் வட்டமானது, கூரானது என்று இன்னும் உண்டு. பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள தையல்கடையில் அவள் கலியாணத்துக்கு முன்பிருந்தே இதைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். மார்கழி பிறந்தால் கடை முழுக்க வெள்ளையாகிவிடும். தை மாதம் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் அவள் கண்ணுக்கு மற்ற நிறங்கள் தெரியத் தொடங்கும்.

ஆனால் அவள் பெரிய வகுப்புகளில் இருந்த காலத்தில், தான் படித்த பள்ளிக்கூடத்தின் மடிப்போடு ஒரு பாவாடை போட்டதில்லை. இலங்கைத்துறையில் பிறந்தவள். அவள் பெரிய வகுப்புக்கு வந்த காலத்தில் சண்டை ஊருக்குள் வந்தது. ஊரே எழும்பி, வெருகல் ஆற்றைக் கடந்து தெற்கே நடந்தது. அதன் பிறகு கூடாரத்துப் பள்ளிக்கூடம், கோயில் மண்டபத்துப் பள்ளிக்கூடம், மாலை நேரம் மட்டும் இடம் கொடுத்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று போனது காலம். யாரோ கொடுத்த சீருடை, யாரோ ஒரு பள்ளிக்கூடத்தின் மடிப்பு. எத்தனை பள்ளிக்கூடம் மாறினாய் என்று கேட்டால் விரல் மடக்கத் தொடங்கி நடுவில் விட்டுவிடுவாள். கணக்குப் பாடத்தில் பின்னம் என்ற ஒன்றை மட்டும் மூன்று இடத்தில் முதலிலிருந்து படித்தாள். அதற்கு அடுத்த பாடத்தை எந்த இடத்திலும் படிக்கவில்லை. இதை அவள் ஒரு பகிடியாகத்தான் சொல்லுவாள்.

அதனால் மகள் நிதுசா பிறந்தபோது அவள் மனதில் இருந்த ஆசை பெரிய ஆசையாக அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை டொக்டராக வரவேண்டும், வெளிநாடு போகவேண்டும் என்றெல்லாம் இல்லை. முதலாம் ஆண்டில் போய் ஏறுகிற பள்ளிக்கூடத்திலேயே கடைசி வகுப்பான உயர்தரம் வரைக்கும் இருந்து இறங்கவேண்டும். ஒரே மடிப்பு. நீளம் மட்டும் கூடிக்கொண்டு போகவேண்டும். பட்டணத்தில் அதற்குத் தோதான இடம் என்று அவள் கண்டது பெரிய பள்ளிக்கூடத்தை. அதற்கு வேறு பெயர் உண்டு. பெற்றோர்கள் பெரிய பள்ளிக்கூடம் என்றுதான் சொல்லுவார்கள்.

பெரிய பள்ளிக்கூடத்தில் பிள்ளை சேர்வது வீட்டைப் பொறுத்தது. எவ்வளவு கிட்ட இருக்கிறீர்கள், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், இருக்கிற வீடு உங்களுடையதா, வாடகையா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட வேறு பள்ளிக்கூடம் இருந்தால், அதற்குப் போகலாமே என்று புள்ளியில் ஒரு பங்கை வெட்டுவார்கள். இதெல்லாம் தையல்கடைக்கு வருகிற தாய்மார் வாயால் மதிவதனா கேட்டுத் தெரிந்துகொண்டது. அளவு எடுக்கும்போது பெண்கள் எதையும் கதைப்பார்கள்.

வீடு என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்கு உள்ளே ஓர் இடம் இன்னும் வலிக்கும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல ஏலாது.

வெருகலைச் சுற்றியுள்ள கரையோரத்தில் வீடு பெண்ணுடையது. பெண்பிள்ளை பிறந்தால் தகப்பன் வளவுக்குள் இன்னொரு வீட்டுக்கு இடம் பார்க்கத் தொடங்குவான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வருவான். கொஞ்சக் காலம் போக, பெற்றவர்கள் நல்ல வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுப் பின்வளவில் ஒரு கொட்டிலைப் போட்டு ஒதுங்குவார்கள். ஓர் ஆம்பிளைக்கு வீடு இருக்கிறதா என்று ஊரில் யாரும் கேட்பதில்லை; யாருடைய வீட்டில் இருக்கிறான் என்றுதான் கேட்பார்கள்.

மதிவதனாவின் தகப்பன் சின்னப்போடி வயலும் செய்தவர், கடலுக்கும் போனவர். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு இடிந்து கிடந்த வளவில் ஒரு கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டார். போடும்போதே, இது மதிக்கு என்றார். மூத்தவள் சிவாஜினிக்கு முந்தியே ஒரு வீடு இருந்தது; கூரை போனாலும் சுவர் நின்றது; அதைத் திருத்திக் கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. மதிவதனா காலையும் மாலையும் தண்ணீர் சுமந்து புதுச் சுவரை நனைத்தாள். குசினி யன்னல் எங்கே வரவேண்டும் என்று மேசனுக்குக் கரித்துண்டால் கோடு கீறிக் காட்டியது அவள்தான். அடுப்படியில் நின்றால் கடல் தெரியவேண்டும் என்று கேட்டாள். தெரிந்தது.

பிறகு சிவாஜினிக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருத்தின வீட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். சின்னப்போடி சிறிது நாள் யோசித்தார். ஒரு மத்தியானம், சோறு தின்றுகொண்டிருந்த இளைய மகளிடம், தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அக்காட காரியம் முடியட்டும் பிள்ளை. உனக்குப் பிறகு குடுக்கலாம்தானே."

அவள் ஓம் என்றாள். வேறு என்ன சொல்லுவது. அந்தப் 'பிறகு' வரவேயில்லை. ஒரு வருடம் வெள்ளம், அடுத்த வருடம் வயலுக்குத் தண்ணீர் இல்லை, அதற்கடுத்த வருடம் அவருக்கு முதுகு. சிவாஜினி கெட்டவள் இல்லை. ஆனால் அவள் அந்தக் குசினி யன்னலை மறைத்து ஓர் அலுமாரியை வைத்தாள். மதிவதனா அதைப் பார்த்த அன்றே பட்டணத்துக்கு பஸ் ஏறினாள். தையல் வேலையில் சேர்ந்தாள்.

அவளை வீடில்லாமலே கட்டியவன் சசிகரன். ஈச்சிலம்பற்றுக்காரன், பட்டணத்து மீன்பிடித்துறையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். அவன் பக்கத்து ஆட்கள், வீடு இல்லாத பொம்பிளையைக் கட்டி எங்கேயடா போய் இருக்கப்போகிறாய் என்று கேட்டார்கள். படகில இருப்பம் என்று பதில் சொன்னான். படகில் இருக்கவில்லை, லிங்கநகரில் ஆனந்தராசா என்பவரின் சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி. குசினி யன்னலால் பார்த்தால் பின்னால் போகிற குறுகிய ஒழுங்கைத் தெருவுக்கு அப்பால் இன்னொரு பள்ளிக்கூடத்தின் மதிலும் தண்ணீர்க் குழாயும் தெரியும். நிதுசா அந்த வீட்டில்தான் தவழ்ந்தாள், அந்த வாசல் படலையைப் பிடித்துத்தான் எழும்பி நின்றாள்.

நிதுசா முன்பள்ளிக்குப் போகிற வயதை எட்டுவதற்கு முந்தி, ஆனந்தராசா மட்டக்களப்பில் மகளோடு போய் இருக்கப் போவதாகவும், வீட்டை விற்கப்போவதாகவும் சொன்னார். வேறு ஆளுக்கு விற்பதைவிட உங்களுக்கே தரலாம் என்றார். சசிகரன் சேர்த்துவைத்தது, மதிவதனாவின் காப்பும் சங்கிலியும், சின்னப்போடி விற்றுக் கொடுத்த ஒரு துண்டு வயல் என்று எல்லாம் ஓர் இடத்தில் வந்து விழுந்தன. வாடகை வீட்டைவிடச் சொந்த வீட்டுக்குப் புள்ளி கூட என்பதும் அவளுக்குத் தெரியும். வீடும் ஆச்சு, பள்ளிக்கூடமும் ஆச்சு என்று நினைத்தாள்.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுகிற அன்று நொத்தாரிசு, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, யாருடைய பெயரில் எழுதுவது என்று கேட்டார். சசிகரன் வாயைத் திறக்கவில்லை. வீட்டு விசயத்தில் ஆம்பிளை வாய் திறப்பது அவன் வழக்கத்தில் இல்லை. மதிவதனா யோசிக்கவும் இல்லை.

"மகளின்ர பேரில எழுதுங்க. நிதுசா."

நொத்தாரிசு பட்டணத்துக்காரர். பேனையை வைத்துவிட்டு விளங்கப்படுத்தினார். சின்னப்பிள்ளையின் பெயரில் எழுதிவிட்டால் பிறகு நீங்கள் நினைத்தாலும் விற்க ஏலாது, அடகு வைக்க ஏலாது, இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க ஏலாது. எதற்கும் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அனுமதி கேட்கவேண்டும் என்றார்.

"அதுக்குத்தான் எழுதுறம்" என்றாள் மதிவதனா.

நொத்தாரிசு பேனையைத் திரும்ப எடுத்தார். எழுதினார். வெளியே வந்ததும் சசிகரன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரி, இந்த மாத வாடகை எவ்வளவு என்று கேட்டான். பிள்ளை ஐஸ்கிறீம் என்றது. அன்றிலிருந்து மாதா மாதம் ஒரு ஐஸ்கிறீம் வாடகையாகப் போனது.

சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிற வருடம் வந்தபோது இருவரும் நம்பிக்கையாகவே இருந்தார்கள். வாக்காளர் இடாப்பில் அவர்கள் பெயர் அந்த விலாசத்தில் வருடக் கணக்காக இருந்தது. தூரத்தைப் பார்க்க சசிகரன் பட்டணத்தின் வரைபடம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தான். வீட்டில் கவராயத்தின் ஊசியைக் குத்திப் பெரிய பள்ளிக்கூடம் வரைக்கும் அகட்டி ஒரு வட்டம் கீறினான். வட்டத்துக்குள் நிற்கிற பள்ளிக்கூடங்கள்தான் புள்ளியை வெட்டும். பட்டணம் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற பட்டணம். கீறிய வட்டத்தில் பெரும் பங்கு தண்ணீரில் போய் விழுந்தது.

"பார், அரைவாசிக்கு மேல கடல். கடலுக்குள்ள ஒரு பள்ளிக்கூடமும் இல்லை" என்றான் சசிகரன். "சூடைமீன் படிக்க வெளிக்கிட்டால்தான் எங்களுக்குப் புள்ளி குறையும்."

தரையில் அவர்களுக்கு இடைஞ்சலாக நின்றது ஒன்றே ஒன்று. குசினி யன்னலால் மதில் தெரிகிற அந்தச் சின்னப் பள்ளிக்கூடம். அதை யாராவது பெயர்த்து வட்டத்துக்கு வெளியே வைத்தால் நல்லது என்று அவன் சொல்ல, மதிவதனா சிரித்தாள். தேங்காய் துருவும்போது அந்த மதிலைப் பார்த்து இரண்டொரு தடவை முறைத்தும் இருக்கிறாள்.

நேர்முகத்துக்கு முந்தின கிழமையே நிதுசாவின் சீருடையை வெட்டித் தைத்து முடித்துவிட்டாள். தையல்கடையில் அடுத்த மெசினில் இருக்கிற அஸ்மியா, மூதூர்ப் பெண், பார்த்துவிட்டு, தொட்டில் வாங்க முந்திப் பேர் வைக்கிறாய் என்றாள். மதிவதனா காதில் வாங்கவில்லை. பெரிய பள்ளிக்கூடத்து மடிப்பு சின்னதும் நெருக்கமுமானது. ஐந்து வயதுப் பிள்ளையின் இடுப்புக்கு அதைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து நூலோட்டி அழுத்தினாள்.

நேர்முகம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. தாயும் தகப்பனுமாகக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கதிரைகளில் இருந்தார்கள். கோயில் வரிசையில் கூட இவ்வளவு அமைதி இருக்காது. இவர்கள் முறை வந்ததும் மேசைக்கு முன்னால் போய் இருந்தார்கள். நடுவில் அதிபர், கண்ணாடி போட்ட அம்மா. ஒரு பக்கத்தில் புள்ளி போடுகிற ஆசிரியர். அவர் இடாப்பைப் பார்த்தார், தலையாட்டினார். மின்சாரப் பட்டியலைப் பார்த்தார், தலையாட்டினார். உறுதியை எடுத்தார். முதல் பக்கத்தை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"நிதுசா சசிகரன் ஆர்?"

"மகள்" என்றாள் மதிவதனா.

"விண்ணப்பிக்கிற பிள்ளையா?"

"ஓம் சேர்."

ஆசிரியர் உறுதியை அதிபர் பக்கம் தள்ளினார். அவர்கள் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். பிறகு அதிபர் விளங்கப்படுத்தினார். உறுதி தாயின் பெயரில் இருக்கலாம், தகப்பனின் பெயரில் இருக்கலாம். அவர்களுடைய பெற்றோரின் பெயரில் இருந்தாலும் கொஞ்சப் புள்ளி உண்டு. பிள்ளையின் பெயரில் இருந்தால் என்ன செய்வது என்று சேர்க்கை விதிகள் வந்த சுற்றுநிருபத்தில் ஒரு வரியும் இல்லை. அப்படி ஒருவர் எழுதுவார் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். சரி, வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டார். வீடு வாங்கியதோடு அது முடிந்துபோனது. இப்போது வீட்டுக்கு உரியவர்களும் இல்லை, வாடகைக்காரரும் இல்லை. அந்த வீட்டில் அவர்கள் என்னவாக இருக்கிறார்கள் என்று போடுவதற்கு அந்தத் தாளில் ஒரு கட்டம் இல்லை.

சசிகரன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கமா?" என்று அதிபர் கேட்டார்.

"இலங்கைத்துறை மெடம்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ர வீடும் என்ர பேரிலதான். அம்மா எழுதித் தந்தவ. ஆனா அப்ப எனக்குக் கலியாண வயசு" என்றார். அதில் குத்தல் இல்லை. ஆனால் புள்ளி போடுகிற பேனை வேறு கையில் இருந்தது. அது அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனது.

கடையில் விசயம் தெரிந்ததும் அஸ்மியா மெசினை நிறுத்திவிட்டு வாயில் கையை வைத்தாள். உள்ளதும் போச்சுதே நொள்ளைக்கண்ணா என்ற கதையாப் போச்சே புள்ள என்றாள். வாடகைக்கே இருந்திருந்தால்கூட ஏதோ புள்ளி விழுந்திருக்கும். சிறிது நேரம் தைத்துவிட்டு, திரும்பவும் நிறுத்தினாள்.

"இதுல சிரிக்கிற விசயம் என்னெண்டா மதி, என்னட்டக் கேட்டிருந்தாலும் நானும் புள்ளட பேரிலதான் எழுதச் சொல்லியிருப்பன்."

பட்டியல் ஒட்டினார்கள். நிதுசாவின் பெயர் இல்லை. கடைசியாக எடுபட்ட பிள்ளைக்கும் இவளுக்கும் இடையில் இருந்தது அந்த உறுதியின் புள்ளிதான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. மேன்முறையீடு செய்யக் கொஞ்ச நாள் தவணை இருந்தது.

அந்த நாட்களில் ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். ஆனந்தராசாவிடம் பழைய திகதியில் ஒரு வாடகைத் தாளை வாங்கிவிடு என்றவர்கள் உண்டு. அதை மதிவதனா கேட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வந்தாள். சசிகரன் ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தான். வழி இருக்கிறது என்றார் அவர். பிள்ளையின் நன்மைக்காக என்று காட்டி நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு, வீட்டைத் தாயின் பெயருக்கு மாற்றலாம். உடனே போட்டால், மனு போட்டிருக்கிறோம் என்பதையே மேன்முறையீட்டில் காட்டலாம். அநேகமாகக் கவனிப்பார்கள் என்றார். சசிகரன் உற்சாகமாக வீட்டுக்கு வந்து சொன்னான். மதிவதனா பார்ப்போம் என்றாள். அந்தப் 'பார்ப்போம்' அவனுக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இலங்கைத்துறைக்குப் போனாள். சின்னப்போடிக்கு வயது போய்விட்டது. சிவாஜினியின் வீட்டுப் பின்வளவில் கொட்டிலில் இருக்கிறார். வலைத் துண்டொன்றை மடியில் வைத்துக்கொண்டு மகள் சொன்னதை முழுக்கக் கேட்டார். வயல் விற்ற காசு இப்படிச் சிக்கிக்கொண்டதே என்ற வருத்தம் அவருக்கு உண்டு. அவள் சொல்லி முடித்ததும், இதுக்குப் போய் யோசிக்கிறாயா என்பது போலப் பார்த்தார்.

"எடுத்து உன்ர பேரில போடு பிள்ளை. அவளுக்குப் பிறகு குடுக்கலாம்தானே."

கிழவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். மதிவதனா எழும்பி, தண்ணீர் குடிக்கப் போவது போல அக்காவின் குசினிக்குள் போனாள். அலுமாரி அந்த இடத்திலேயே நின்றது. சிவாஜினி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். மதிவதனா ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்பா அன்றைக்கு அந்த வீட்டைக் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை என்பது முதல் தடவையாக அவளுக்கு நன்றாக விளங்கியது. நல்ல எண்ணத்தில்தான் எடுத்தார். எடுக்கிறவர்களிடம் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும். இப்போது அவளிடமும் இருந்தது.

திரும்பி வந்தபோது சசிகரன் பின்விறாந்தையில் பழைய பேப்பரை விரித்து ஓர் எஞ்சினின் உள்பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் குந்தினாள்.

"மனு போட வேண்டாம்" என்றாள்.

அவன் கழுவுவதை நிறுத்தவில்லை. "பிள்ளையின்ர நன்மைக்குத்தானே கேக்கிறம். அவளின்ர வீட்டை நாங்கள் திண்டுவிடவா போறம்?"

"இல்லை. நீங்களும் நானும் திரும்பக் குடுப்பம். எனக்குத் தெரியும்."

"அப்ப?"

"குடுத்ததைத் திருப்பி எடுக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு எண்டு ஒருக்காத் தெரிஞ்சிட்டால், பிறகு அந்த வழி இருந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு ஒரு எஞ்சின் வாங்க வேணும். எனக்கு ஒரு வருத்தம் வரும். இன்னொரு பிள்ளை பிறக்கும். எல்லாத்துக்கும் காரணம் இருக்கும்."

அவன் ஒரு திருகாணியை எடுத்துத் துடைத்தான். அவள் தன் யன்னல் கதையை அவனிடம் முந்தியே சொல்லியிருக்கிறாள். கலியாணமான புதிதில் ஒருமுறை, பிறகு பேசியதில்லை.

"நீ எவ்வளவு ஆசைப்பட்ட பள்ளிக்கூடம்" என்றான் கடைசியில்.

"ஓம்" என்றாள். எழும்பிக் குசினிக்குள் போனாள்.

மேன்முறையீடு போட்டார்கள். உள்ளதை உள்ளபடி எழுதி, நாங்கள் இந்த வீட்டில்தான் பிள்ளை பிறந்த நாளிலிருந்து இருக்கிறோம், வந்து பாருங்கள் என்று கேட்டாள். வந்தும் பார்த்தார்கள். கொடியில் காய்ந்த உடுப்பையும் அடுப்பில் கொதித்த கறியையும் பார்த்துவிட்டு, நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள் என்பதில் சந்தேகம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முடிவு மரியாதையான சொற்களில் வந்தது. இல்லை என்றுதான் வந்தது.

அன்று மதிவதனா கடைக்குப் போகவில்லை. மத்தியானம் அரிசி கழுவிக்கொண்டு குசினி யன்னலில் நின்றாள். ஒழுங்கைக்கு அப்பால் சின்னப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண்பிள்ளை குழாயைக் கையால் பொத்தி மற்றவர்கள் மேல் தண்ணீர் சீறவிட்டாள். நாலைந்து பாவாடைகள் நனைந்தன. அகலமான, எதிரும் புதிருமான மடிப்பு. அவற்றில் சிலது அவள் தைத்தவை. அந்தப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைக்கும்தான் வகுப்பு உண்டு; உயர்தரம் இல்லை. அதற்குப் பிறகு மாறத்தான் வேண்டும். அது அவளுக்கு இன்னும் குறையாகத்தான் இருந்தது. இல்லை என்று அவள் தன்னை ஏமாற்றவில்லை.

அடுத்த நாள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். ஒழுங்கையைத் தாண்டினால் வாசல். அங்கேயுள்ள அதிபர், தலை நரைத்த மனிதர், தான் கேட்காத உறுதியையும் அவள் நீட்டியதால் வாங்கி வாசித்தார். பெயரைப் பார்த்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நெற்றி மட்டும் தெரிகிற பிள்ளையை எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்காரி நேர வந்திருக்கிறா. இருங்க பிள்ளை, கதிரையில இருங்க."

நிதுசா ஏறி இருந்தாள். கால் தரையில் முட்டவில்லை.

அந்தக் கிழமை மதிவதனா பெட்டிக்குள் வைத்திருந்த சீருடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அஸ்மியா புதுத் துணி எடுத்துத் தைக்கலாம்தானே என்றாள். துணி நல்லாத்தானே இருக்குது என்றாள் மதிவதனா. நூலறுத்து மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்து விரித்தபோது பாவாடை அவள் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. தண்ணீர் தெளித்து, இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தி, புதிதாக நாலு அகல மடிப்புப் பிடித்தாள். விளிம்பில் வழக்கத்தைவிடக் கூடுதலாக மடித்துத் தைத்தாள்; பிள்ளை வளர வளர இறக்கலாம்.

எவ்வளவு அழுத்தியும் பழைய மடிப்பின் கோடுகள் முழுக்கப் போகவில்லை. நிழலில் தெரியாது. வெயிலுக்குப் பிடித்தால், அகல மடிப்புக்குள்ளே சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாகத் தெரியும். தையலில் கைதேர்ந்தவர்கள் பார்த்தால்தான் கண்டுபிடிப்பார்கள். இரண்டு மூன்று தரம் தோய்த்தால் போய்விடும் என்றாள் அஸ்மியா.

பள்ளிக்கூடம் தொடங்கின அன்று காலையில் சசிகரன் துறைக்குப் போகாமல் நின்றான். கொண்டுபோய் விடட்டா என்று கேட்டான். நிதுசா வேண்டாம் என்றாள். அம்மா மட்டும் வரலாம் என்றாள். படலைவரைக்கும் வந்ததும் திரும்பி, தகப்பனைப் பார்த்து, இந்த மாத வாடகை இன்னும் தரவில்லை என்று ஞாபகப்படுத்தினாள். பின்னேரம் தாறன் வீட்டுக்காரி என்றான் அவன். அவள் தாயை வெளியே விட்டு, இரண்டு கையாலும் படலையை இழுத்துச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள். கொளுக்கி அவள் கைக்குச் சரியாக எட்டியது. பிறகு வெயிலில் இறங்கி முன்னால் நடந்தாள். மதிவதனா பின்னால் நடந்தபடி அந்தப் பாவாடையைப் பார்த்தாள்.